மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் கண்!

தேனி மாவட்டத்தில் ஒரு மலை உண்டு. அதன் பெயர் மேகமலை.

பெயருக்கு ஏற்ற மலைதான். சின்னமனூரிலிருந்து மலைப் பாதையில் வளைந்து வளைந்து மேலே போக வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டத்துக்கு மேலே மேகம். சில நாட்களில் தோட்டத்துக்குக் கீழேயும் மேகம்!

மலையின் அடியில் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாக ஊர்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். தென்னந்தோப்புகள், வாழைத் தோட்டங்கள், திராட்சைப் பந்தல்கள்.

வானத்தில் ஒரு செயற்கைக் கோள் சுற்றியது. அதன் பெயரிலும் மேகம் உண்டு. "மேகா-டிராபிக்ஸ்" என்பது அதன் பெயர். "மேகா" என்றால் மேகம். "டிராபிக்ஸ்" பிரெஞ்சுச் சொல். பூமியின் நடுவே பட்டையாக இருக்கும் வெப்ப நாடுகளை அது குறிக்கும். இந்தியாவும் பிரான்சும் கூட்டாகச் செய்த கோள் அது. 2011-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது.

மேகமலைக்கும் அந்தக் கோளுக்கும் என்ன சம்பந்தம்?

கம்பமும் மேகமலையும் ஒரு நாளைக்குப் பல தடவை அதன் பார்வையில் விழுந்தன. மேகம் மூடிக் கிடந்த நாளிலும் அது பார்த்தது. காற்றில் எவ்வளவு ஈரம் என்று அளந்தது.

அது லேசான காரியம் அல்ல. மேகம் மூடினால் பெரும்பாலான கோள்களின் கண் மறைந்துவிடும். மழை வருமா, வராதா என்று தெரிய வேண்டிய நாள் எது? மேகம் மூடிய நாள். அந்த நாளில் பார்த்துக் கண் மூடிக்கொண்டால் என்ன பயன்? இந்தச் சங்கடத்தோடுதான் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்

மேகத்தில் தண்ணீர் இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். மேகமே இல்லாத காற்றிலும் தண்ணீர் இருக்கிறது. அதுதான் நீராவி.

அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது. அதன் மூக்கில் இருந்து வெள்ளையாகப் புகை வருகிறது. சற்றுக் கூர்ந்து பாருங்கள். மூக்கின் நுனியை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே தெரியாது. வெறும் இடம் போல இருக்கும். அதற்கு அப்பால்தான் வெள்ளை ஆரம்பிக்கும்.

அந்த வெறும் இடத்தில் இருப்பதுதான் உண்மையான நீராவி. அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த் துளிகள். (குழந்தைகள் விரலை நீட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சுட்டுவிடும்!)

மேகமும் அந்த வெள்ளையைப் போலத்தான். ஆகவே ஆவி வேறு, மேகம் வேறு. ஆவி குளிர்ந்தால் மேகம். மேகத் துளிகள் திரண்டு பருத்தால் மழை. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று தெரியும். அது போல, காற்றில் எவ்வளவு ஆவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு மழை பெய்யக்கூடும் என்று கணக்குப் போடலாம்.

தரையில் இருந்து வானத்தின் உச்சி வரை உள்ள ஆவியை எல்லாம் பிழிந்து தரையில் கொட்டினால் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? பூமி முழுவதும் சராசரி எடுத்தால் சுமார் 25 மில்லி மீட்டர். அதாவது ஓர் அங்குலம். அவ்வளவுதான்! மழைக் காலத்தில் நம் பக்கத்துக் காற்றில் 50, 60 மில்லி மீட்டர் கூட இருக்கும்.

அப்படியானால் ஒரே நாளில் 200 மில்லி மீட்டர் மழை எப்படிக் கொட்டுகிறது?

காற்று சும்மா இருப்பதில்லை. அக்கம் பக்கத்து ஆவியை எல்லாம் அள்ளிக் கொண்டு வருகிறது. அரபிக் கடலில் இருந்து வருகிறது. வங்கக் கடலில் இருந்து வருகிறது. ஆகவே கம்பத்துக்கு மேலே உள்ள ஆவியை மட்டும் அளந்தால் போதாது. கடலுக்கு மேலே, இரண்டு மூன்று நாள் பயண தூரத்தில் வந்து கொண்டிருக்கும் ஆவியையும் அளக்க வேண்டும்.

பந்தலுக்குக் கீழே ஒரு கேள்வி

கம்பம் பன்னீர் திராட்சைக்கு நல்ல பெயர் உண்டு. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை ஆகும். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும். பக்கத்துத் தோட்டத்தில் கொடி பூத்திருக்கும். அதற்கும் அடுத்த தோட்டத்தில் பழம் பறித்துப் பெட்டியில் அடுக்கிக் கொண்டிருப்பார்கள்.

ஆண்டு முழுவதும் அறுவடை என்றால், ஆண்டு முழுவதும் மழைக் கவலையும் உண்டு. பழுக்கும் சமயத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். காற்றில் ஈரம் தங்கினால் இலையில் அடிச்சாம்பல் நோய் வரும். நோய்க்கு மருந்து அடிக்க வேண்டும். மருந்து அடித்த சில மணி நேரத்தில் மழை கொட்டினால், மருந்தும் போச்சு, கூலியும் போச்சு!

"நாளைக்கு மருந்து அடிக்கலாமா, ஒரு நாள் பொறுக்கலாமா?"

திராட்சை விவசாயிக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் இந்தக் கேள்வி எழாது. மேகம் மூடும் நாளில்தான் எழும்.

நெல் விவசாயியின் கவலை வேறு விதம். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரு போக நன்செய், பெரியாறு அணைத் தண்ணீரை நம்பி இருக்கிறது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை அது. தென்மேற்குப் பருவ மழை மலைக்கு அந்தப் பக்கம்தான் கொட்டும். இந்தப் பக்கம் வெறும் சாரலோடு சரி. அந்தப் பக்கத்து மழைதான் சுரங்கம் வழியாக இந்தப் பக்கத்து வயலுக்கு வருகிறது.

மழை அளவோடு பெய்தால் ஆனந்தம். அளவுக்கு மீறினால்? 2018 ஆகஸ்டில் கேரளாவில் பெரு மழை பெய்து வெள்ளம் வந்ததை மறக்க முடியாது. அப்போது பெரியாறு அணையின் நீர் மட்டம் 142 அடியைத் தொட்டது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்த உச்ச அளவு அது. அந்த மாதிரி நாட்களில், அடுத்து வரும் காற்றில் எவ்வளவு ஆவி இருக்கிறது என்ற கணக்கு, அணைக்கு மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் உயிர்க் கணக்கு.

பலூன் ஏறும் ஊர்கள்

ஆவியை அளக்கப் பழைய வழி ஒன்று உண்டு. இன்றும் அது நடக்கிறது. பெரிய பலூனில் வாயுவை நிரப்பி, ஒரு சிறு கருவியைக் கட்டி மேலே விடுவார்கள். அது போகும் வழி எல்லாம் வெப்பம், ஈரம், காற்றின் அழுத்தம் ஆகியவற்றை அளந்து ரேடியோ மூலம் சொல்லும். கடைசியில் பலூன் வெடித்துக் கருவி எங்கேயோ விழும்.

பலூன் மேகத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. ஆகவே மேகம் அதற்குத் தடை இல்லை. ஆனால் பலூன் எல்லா ஊரிலும் ஏறுவதில்லை. தமிழ்நாட்டுப் பக்கத்தில் சென்னையிலும் காரைக்காலிலும் ஏறும். கேரளத்தில் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் ஏறும். நடுவே கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு? அதற்கென்று பலூன் இல்லை. கடலுக்கு மேலேயோ கேட்கவே வேண்டாம்.

மழையை முன்கூட்டி அறிய வேண்டும் என்ற ஆசை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பெரியகுளத்துக்கு மேலே, கொடைக்கானலில், 1899-ல் சூரிய ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஏன் வந்தது தெரியுமா? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. சூரியனைக் கவனித்தால் பருவ மழையின் போக்குப் புரியுமோ என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அந்த நினைப்பும் நிலையம் அமைய ஒரு காரணம். சூரியன் மழையின் ரகசியத்தைச் சொல்லவில்லை. தன்னைப் பற்றி நிறையச் சொன்னது!

போர்வை மூடிய ஆள்

1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமெரிக்கா "டைரோஸ்-1" என்ற கோளை அனுப்பியது. மேகங்களைப் படம் பிடித்த வானிலைக் கோள் அது. அதற்குப் பிறகு எத்தனையோ கோள்கள் வந்துவிட்டன. நம் நாட்டின் "இன்சாட்-3டி" 2013-லும், "இன்சாட்-3டி.ஆர்." 2016-லும், "இன்சாட்-3டி.எஸ்." 2024-லும் மேலே போயின. இவை சுமார் 36,000 கிலோ மீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழலும். ஆகவே இரவும் பகலும் ஒரே பக்கத்தைப் பார்த்துக் கொண்டிருக்க முடியும்.

டெலிவிஷனில் வானிலைச் செய்தியின்போது காட்டும் மேகப் படம் இந்த மாதிரிக் கோள்கள் எடுத்ததுதான்.

இந்தக் கோள்கள் ஆவியை எப்படி அளக்கின்றன? சூடு உள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வீசும். அடுப்பில் இருந்து இறக்கிய தோசைக் கல்லுக்கு நேரே கையை நீட்டினால், தொடாமலே சூடு தெரிகிறது அல்லவா? அந்தக் கதிர்தான். தரையும் வீசும். காற்றும் வீசும். நடுவில் உள்ள ஆவி அதில் சிலவற்றை விழுங்கிவிடும். எந்தக் கதிர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், ஆவி எவ்வளவு என்று தெரியும்.

வானம் தெளிவாக இருந்தால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். மேகம் வந்தால் போச்சு! வெப்பக் கதிரால் தடித்த மேகத்தைத் துளைக்க முடியாது. கோளுக்குத் தெரிவது மேகத்தின் முதுகு மட்டும்தான். மார்கழிக் குளிரில் ஒருவர் கம்பளியை இழுத்துத் தலை வரை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். அவருக்குக் காய்ச்சலா என்று கம்பளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதே கதைதான்.

கூழாங்கல்லும் அலையும்

கம்பளியைத் துளைக்க வேறு கதிர் வேண்டும். அது இருக்கிறது. அதுதான் மைக்ரோ அலை.

மழைக் காலத்தில் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திக் கொண்டு உட்கார்ந்தாலும் ரேடியோ பாடுகிறது. மேகம் அதைத் தடுப்பதில்லை. மைக்ரோ அலையும் ரேடியோ அலையின் இனம்தான். கொஞ்சம் குட்டை அலை, அவ்வளவுதான்.

மேகம் ஒன்றைத் தடுக்கிறது, மற்றொன்றை விடுகிறது. ஏன்?

மேகத்தில் உள்ள ஒரு துளியின் அகலம் ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்குதான் இருக்கும். வெப்பக் கதிரின் அலையும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆகவே துளியில் முட்டி மோதிச் சிதறும், அடங்கும். மைக்ரோ அலையோ மில்லி மீட்டர், சென்டி மீட்டர் கணக்கில் நீளம் உள்ளது. வைகை அணையில் காற்று அடித்து அலை எழும்பும்போது, தண்ணீரில் கிடக்கும் ஒரு கூழாங்கல் அந்த அலையைத் தடுக்குமா? அலை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அது போல மைக்ரோ அலை மேகத் துளிகளைச் சட்டை செய்யாமல் வந்துவிடுகிறது.

ஆனால் பெரு மழை வேறு. மழைத் துளி மேகத் துளியை விட மிகப் பெரியது. மொட்டை மாடியில் டெலிவிஷன் "டிஷ்" வைத்திருப்பவர்களுக்கு இது அனுபவம். மேகம் எவ்வளவு மூடினாலும் படம் தெரியும். மழை வெளுத்து வாங்கும்போது படம் உடைந்து உடைந்து நின்றுவிடும். செயற்கைக் கோளுக்கும் இதே தொல்லை உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

நீராவிக்கு ஒரு குணம் உண்டு. ஆவியின் மூலக்கூறுகள் சுழல்கின்றன. சுழலும்போது சில குறிப்பிட்ட மைக்ரோ அலைகளை மட்டும் வீசும்; அவற்றையே விழுங்கவும் செய்யும். வினாடிக்கு சுமார் 2,200 கோடி தடவை துடிக்கும் அலை ஒன்று. வினாடிக்கு சுமார் 18,300 கோடி தடவை துடிக்கும் அலை இன்னொன்று. இவை ஆவியின் குரல் என்று வைத்துக்கொள்ளலாம். கோள் எதையும் கீழே அனுப்புவதில்லை. காதைத் தீட்டிக் கொண்டு அந்தக் குரலைக் கேட்கிறது. அவ்வளவுதான்.

1968 செப்டம்பரில் ரஷ்யா அனுப்பிய "காஸ்மாஸ்-243" என்ற கோள்தான் இந்தக் குரலை வானத்தில் இருந்து முதலில் கேட்டது.

பாஸ்கரா போனது

நம் நாடு இதில் பின்தங்கிவிடவில்லை. 1979-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி "பாஸ்கரா" என்ற இந்தியக் கோள் ரஷ்ய ராக்கெட்டில் ஏறிப் போனது. பழங்காலத்துக் கணித மேதை பாஸ்கரரின் பெயர் அதற்கு. அதில் "சமீர்" என்ற மைக்ரோ அலைக் கருவி இருந்தது. ஆமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் செய்த கருவி. 1981 நவம்பரில் இரண்டாவது பாஸ்கராவும் போனது.

சமீர் கடலுக்கு மேலே உள்ள ஆவியை அளந்தது. கடலுக்கு மேலே மட்டும்தான். நிலத்துக்கு மேலே ஏன் முடியவில்லை?

மைக்ரோ அலையில் கடல் மங்கலாகத் தெரியும். கரும்பலகை மாதிரி. நிலமோ பளிச்சென்று தெரியும். வெள்ளை அடித்த சுவர் மாதிரி. ஆவியின் குரல் சாக்குக் கட்டியால் எழுதிய எழுத்துப் போல. கரும்பலகையில் எழுதினால் தெரியும். வெள்ளைச் சுவரில் எழுதினால்?

ஆகவே 2,200 கோடித் துடிப்பு அலை அரபிக் கடலுக்கு உதவியது. கம்பத்துக்கு உதவவில்லை.

ஆறு வாளி, ஆறு கயிறு

கம்பத்துக்கு உதவக்கூடியது 18,300 கோடித் துடிப்பு அலை. மேகா-டிராபிக்ஸ் கோளில் அதைக் கேட்க ஒரு கருவி இருந்தது. அதன் பெயர் "சபீர்". பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு நீலக்கல் என்று பொருள்.

இந்த அலையை ஆவி மிகவும் ஆசையாக விழுங்கும். தரையில் இருந்து கிளம்பும் அலை மேலே வந்து சேர்வதற்குள் ஆவி அதை முழுங்கிவிடும். ஆகவே தரை கோளின் கண்ணிலேயே படாது. தரை படாவிட்டால் கரும்பலகை என்ன, வெள்ளைச் சுவர் என்ன? கடலும் நிலமும் ஒன்றுதான்!

சபீருக்கு 6 காதுகள். ஒரு கிணற்றில் 6 வாளிகளை, 6 விதமான நீளமுள்ள கயிற்றில் கட்டி இறக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குட்டைக் கயிறு மேல் மட்டத்துத் தண்ணீரை மொள்ளும். நீளக் கயிறு அடி மட்டத்துக்குப் போகும். அது போல, 18,300 கோடித் துடிப்புக்கு மிக நெருங்கிய அலையைக் கேட்கும் காது, 10 கிலோ மீட்டருக்கு மேலே உள்ள காற்றின் சங்கதியைச் சொல்லும். கொஞ்சம் விலகிய அலையைக் கேட்கும் காது, இன்னும் கீழே உள்ளதைச் சொல்லும். கடைசிக் காது சுமார் 2 கிலோ மீட்டர் உயரம் வரை எட்டும்.

ஆவி அதிகம் என்று எப்படித் தெரிகிறது? அதில்தான் வேடிக்கை. ஆவி அதிகமாக இருந்தால் வாளி ஆழமாகப் போகாது. மேலேயே நின்றுவிடும். மேலே குளிர் அதிகம். ஆகவே கருவி குளிர்ச்சியைக் காட்டும். ஆவி குறைவாக இருந்தால் வாளி ஆழமாகப் போகும். அங்கே வெப்பம். கருவி வெப்பத்தைக் காட்டும். குளிர் என்றால் ஈரம். வெப்பம் என்றால் வறட்சி.

சுமார் 867 கிலோ மீட்டர் உயரத்தில் அந்தக் கோள் சுற்றியது. மற்ற வானிலைக் கோள்களில் பல வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் போய் வரும். இது அப்படிப் போகவில்லை. பூமியின் இடுப்பைச் சுற்றியே வந்தது. வடக்கே 20 பாகை, தெற்கே 20 பாகை. அதற்குள்தான் அதன் நடை. தேனி 10 பாகையில் இருக்கிறது. அதனால்தான் ஒரு நாளைக்குப் பல தடவை நம் பக்கம் அதற்குத் தெரிந்தது.

மெட்ராஸ் நின்றது!

அந்தக் கோளில் இன்னொரு கருவிக்கு "மெட்ராஸ்" என்று பெயர்! நம் சென்னைப் பட்டணத்தின் பழைய பெயர்தான். நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்றின் முதல் எழுத்துக்களைக் கோத்து அப்படி வைத்தார்கள். மழையையும், மேகத்தில் உள்ள தண்ணீரையும், கடலுக்கு மேலே உள்ள ஆவியையும் அளப்பது அதன் வேலை.

மெட்ராசுக்கு ஆயுசு கெட்டி இல்லை. அது சுழன்று சுழன்று பார்க்க வேண்டிய கருவி. சுழற்றும் பகுதியில் கோளாறு வந்தது. 2013 ஜனவரியில் அதன் வேலை நின்றது. சபீர் நிற்கவில்லை. மூன்று ஆண்டுக்கு என்று அனுப்பிய கோள், 2021 வரை தகவல் அனுப்பிக் கொண்டிருந்தது. நம் விஞ்ஞானிகள் மார் தட்டிக்கொள்ளலாம்.

குப்பைக் கூடைக்குப் போன அளவுகள்

இப்போது டெலிவிஷன் டிஷ் கதைக்கு வருவோம்.

சாதாரண மேகத்தைச் சபீர் துளைத்துவிடும். ஆனால் இடி மேகம் இருக்கிறதே, அது 12, 15 கிலோ மீட்டர் உயரம் வரை வளரும். அதன் உச்சியில் தண்ணீர் இல்லை, பனிக்கட்டித் துகள்கள். சில துகள்கள் நன்றாகப் பருத்திருக்கும். சபீர் கேட்கும் அலையின் நீளம் சுமார் ஒன்றரை மில்லி மீட்டர்தான். பருத்த பனிக்கட்டி அதைச் சிதற அடித்துவிடும். கீழே இருந்து வரும் அலை குறைந்துவிடும். கருவி குளிர்ச்சியைக் காட்டும்.

ஏற்கெனவே குளிர் என்றால் ஈரம் என்று பார்த்தோம். இப்போது கருவி காட்டும் குளிர், ஆவியால் வந்ததா, பனிக்கட்டியால் வந்ததா? இதுதான் சிக்கல்!

ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். சாதாரண நாளில், ஆழமாகப் போகும் காது வெப்பத்தைக் காட்டும். மேலே நிற்கும் காது குளிர்ச்சியைக் காட்டும். அதுதான் முறை. பெரிய இடி மேகத்துக்கு மேலே அந்த வரிசை புரண்டுவிடும். ஆழமாகப் போக வேண்டிய காதுதான் பனிக்கட்டியில் அதிகமாக அடிபடும். அதுவே மற்றதை விடக் குளிர்ச்சியைக் காட்டும். வரிசை புரண்டால் அங்கே இடி மேகம் இருக்கிறது என்று பொருள்.

சரி, கண்டுபிடித்து என்ன செய்தார்கள்? நெடுங்காலம் வரை, மேகம் கலந்த அளவுகளை எல்லாம் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்கள்! மழையைக் கணிக்கும் கம்ப்யூட்டருக்குத் தெளிந்த வானத்தின் அளவுகளை மட்டும் கொடுத்தார்கள். அரிசியில் கல் கிடக்கிறது என்று மூட்டையையே வீசுவது போன்ற காரியம். ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தப்பான அளவைக் கொடுத்தால் கணிப்பும் தப்பாகிவிடும்.

பிறகு வழியைத் தலைகீழாக மாற்றினார்கள். "கோள் பார்த்ததை வைத்து ஆவி எவ்வளவு?" என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டர் முதலில் ஓர் உத்தேசம் போடுகிறது. இன்ன இடத்தில் இவ்வளவு ஆவி, இவ்வளவு மேகம், இவ்வளவு பனிக்கட்டி என்று வைத்துக்கொள்கிறது. "இப்படி இருந்தால் கோளுக்கு எப்படித் தெரியும்?" என்று கணக்குப் போடுகிறது. கோள் உண்மையில் பார்த்ததோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் இருந்தால் உத்தேசத்தைத் திருத்துகிறது. இந்த வழியில் மேகம் கலந்த அளவும் பயன்படுகிறது. சபீரின் மேக நாள் அளவுகளை ஐரோப்பிய வானிலை மையத்தார் இப்படித்தான் தங்கள் கணிப்பில் சேர்த்தார்கள். டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் உள்ள நமது வானிலைக் கணிப்பு மையமும் சபீர் அளவுகளை எடுத்துக்கொண்டது.

கயிறு எட்டாத இடம்

அப்படியானால் கம்பம் பள்ளத்தாக்கின் ஈரம் முழுவதும் தெரிந்துவிட்டதா?

இல்லை. சபீர் ஒரு பார்வையில் பார்க்கும் இடத்தின் அகலம் சுமார் 10 கிலோ மீட்டர். கம்பத்தில் இருந்து உத்தமபாளையத்துக்கு உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஒரு வட்டத்துக்குள் வயலும் விழும், மலைச் சரிவும் விழும், உச்சியும் விழும். எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வரும்.

இன்னொன்று. அதன் நீளமான கயிறே 2 கிலோ மீட்டர் உயரத்துக்குத்தான் எட்டும் என்று பார்த்தோம். பள்ளத்தாக்கின் ஊர்களோ கடல் மட்டத்தில் இருந்து சில நூறு மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சுற்றிலும் மலை. ஆக, மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் கிடப்பது போன்ற காற்று இருக்கிறதே, திராட்சை இலையை நனைக்கும் அந்தக் காற்றின் அடி ஈரம், கயிற்றுக்குச் சரியாக எட்டுவதில்லை. மேலே வரும் பெரிய மழைக் காற்றைக் கோள் பார்த்துச் சொல்லும். பந்தலுக்குள் தங்கும் ஈரத்தைத் தோட்டத்தில் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, "செயற்கைக் கோள் எல்லாவற்றையும் பார்த்துவிடும்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

கோளை இறக்கிய கதை

மேகா-டிராபிக்சின் முடிவும் சுவையானது. வேலை முடிந்த பிறகு அதை அப்படியே விட்டிருந்தால், நூறு ஆண்டுகளுக்கு மேல் வானத்தில் குப்பையாகச் சுற்றிக் கொண்டிருக்கும். மற்றக் கோள்கள் மீது மோதினால் ஆபத்து. அதன் தொட்டியில் சுமார் 125 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. அதை வைத்தே அதைக் கீழே இறக்க இந்திய விண்வெளி நிறுவனம் முடிவு செய்தது.

2022 ஆகஸ்டில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். 2023-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி கடைசித் தள்ளு. சுமார் ஆயிரம் கிலோ எடையுள்ள அந்தக் கோள் காற்றில் உரசி எரிந்து, பசிபிக் கடலில் ஆள் நடமாட்டம் இல்லாத பகுதிக்கு மேலே மறைந்தது.

அதற்குப் பிறகும் ஆவியின் குரலைக் கேட்கும் கோள்கள் இல்லாமல் போகவில்லை. 2017-ல் அமெரிக்கா அனுப்பிய "நோவா-20", 2022-ல் அனுப்பிய "நோவா-21" ஆகிய கோள்களில் 22 காதுகள் உள்ள கருவி இருக்கிறது. சபீர் கேட்ட அதே 18,300 கோடித் துடிப்பு அலையையும் அது கேட்கும். ஆனால் அவை துருவம் துருவமாகப் போய் வருபவை. பூமியின் இடுப்பைச் சுற்றி வந்த மேகா-டிராபிக்ஸ் போல அடிக்கடி நம் தலைக்கு மேலே வருவதில்லை.

சட்டைப் பையில் உள்ள சங்கதி

இன்னொரு வழியும் இருக்கிறது. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

செல்போனில் வழி பார்க்கிறோம். "ஜி.பி.எஸ்." கோள்கள் அனுப்பும் ரேடியோ அலையை வைத்துத்தான் போன் இடத்தைச் சொல்கிறது. அந்த அலை காற்றில் உள்ள ஆவிக்குள் புகுந்து வரும்போது சற்றுத் தாமதமாகிறது. ஆவி நிறைந்த நாளில், அந்தத் தாமதத்தால் தூரக் கணக்கில் 30 சென்டி மீட்டர் வரை கூடுதலாகத் தெரியும். நாம் நடக்கும் வழிக்கு அது ஒரு பொருட்டல்ல. விஞ்ஞானிக்கு அது புதையல்! தரையில் அசையாமல் ஒரு நல்ல கருவியை நட்டு, அந்தத் தாமதத்தைக் கவனமாக அளந்தால், தலைக்கு மேலே உள்ள ஆவி மொத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வானத்தில் இருந்தும் இதைச் செய்யலாம். ஒரு கோள், பூமியின் விளிம்புக்கு அப்பால் மறையப் போகும் ஜி.பி.எஸ். கோளைப் பார்த்துக் கொண்டிருக்கும். அதன் அலை காற்றில் வளைந்து வரும். எவ்வளவு வளைந்தது என்று பார்த்தால், உயரத்துக்கு உயரம் ஈரம் தெரியும். தரைக்குப் பக்கத்து ஈரம் வரை தெரியும். மேகா-டிராபிக்ஸ் கோளிலேயே "ரோசா" என்ற பெயரில் இப்படி ஓர் இத்தாலியக் கருவி இருந்தது. 2019 ஜூன் மாதம் அமெரிக்காவும் தைவானும் சேர்ந்து இதற்கென்றே ஆறு கோள்களை அனுப்பின. "காஸ்மிக்-2" என்று பெயர். அவையும் துருவத்துக்குப் போகாமல், பூமியின் இடுப்பைச் சுற்றி வரும் பாதையில்தான் விடப்பட்டன. ஆனால் அவை ஒரு தடவையில் அளப்பது 200 கிலோ மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் காற்றை. கம்பத்து ஈரமும் மலைக்கு அந்தப் பக்கத்துக் கடல் ஈரமும் அதில் ஒன்றாகக் கலந்துதான் வரும்.